லாச்சியின் கைபிடி

வீட்டிலுள்ள தளபாடங்களுள், கை நாள்தோறும் பலமுறை தொட்டாலும் கண் ஒருமுறையேனும் நின்று நோக்காத உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் லாச்சியின் கைபிடி. கதிரையின் கால் ஆடினால் உடனே தச்சுத் தொழிலாளி அழைக்கப்படுகிறார். கதவு இறுகினால் வீடு முழுவதும் அதனை அறிந்துவிடும். லாச்சியின் குமிழ் கழன்றாலோ, அதனை எடுத்து அந்த லாச்சிக்குள்ளேயே போட்டுவிட்டு, பலகையின் விளிம்பை விரல் நகத்தாற் பற்றி இழுக்கும் வழக்கம் பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக நிலைத்துவிடுகிறது.

வயது எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் காலையில் எழுந்து, மாற்றுச் சேலை எடுப்பதற்காக லாச்சி அலுமாரியின் முன் நிற்பதாகக் கொள்க. அவருடைய விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. ஒரு கை ஊன்றுகோலைப் பற்றியிருக்கிறது. அகலமான அந்த லாச்சியின் இரு முனைகளிலும் பளபளக்கும் சிறு குமிழ்கள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இழுக்கிறார். லாச்சி ஒரு பக்கமாகக் கோணி, பாதி வழியில் இறுகி நின்றுவிடுகிறது. மீண்டும் இழுக்கிறார், விரல் வழுக்குகிறது. சில நாட்களின் பின் அவர் அந்த லாச்சியையே கைவிட்டு, உடைகளைக் கதிரையின் முதுகிற் போடத் தொடங்குகிறார். வீட்டார் அதனை முதுமையின் தளர்ச்சி என்று எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் குற்றம் அவர் கையில் இல்லை, கைபிடியில் இருக்கிறது. அக்குற்றம் எங்ஙனம் நேர்ந்தது, அதனை எங்ஙனம் நீக்கலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

முதலில் பெயரைக் கவனிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். இலங்கைத் தமிழர் வழங்கும் 'லாச்சி' என்னும் சொல், சிறிய இழுப்பறையைக் குறிக்கும் 'லாட்யே' என்ற ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. அலுமாரி, மேசை, கதிரை என்பன போர்த்துக்கேயர் தந்த சொற்கள். இவற்றோடு ஒப்பிட்டால் பெட்டகம் என்பது பழைய சொல். பொருளோடு அதன் பெயரும் கப்பலேறி வந்தது. மூடியைத் தூக்கித் திறக்கும் பெட்டகத்துக்குப் பழகிய கைகள், முன்புறமாக இழுத்துத் திறக்கும் லாச்சிக்குப் பின்னரே பழகின.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. அங்கும் மக்கள் நெடுங்காலம் மூடியுள்ள பெட்டகத்திலேயே உடைகளை வைத்தனர். பெட்டகத்தின் அடியிற் கிடக்கும் பொருளை எடுக்க வேண்டின், மேலேயுள்ள யாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காக, இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் பெட்டகத்தின் அடிப்பாகத்தில் ஓரிரு லாச்சிகளை அமைத்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல் மூடி மறைந்து, மேலிருந்து கீழ்வரை லாச்சிகளே கொண்ட அலுமாரி பரவலாயிற்று. அதன் பின்னரே கைபிடி என்பது தனியான பிரச்சினையாக எழுந்தது. மூடியைத் தூக்குவதற்கு அதன் விளிம்பு போதும். லாச்சியின் முகமோ சட்டத்தோடு ஒட்டி நிற்பதால், விரல் பற்றுவதற்கு அதில் இடமில்லை. எனவே, பற்றுவதற்கென்றே ஓர் உறுப்பை வெளியிலிருந்து பொருத்த வேண்டியதாயிற்று.

1690ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் விளங்கிய கைபிடி, பேரிக்காய் வடிவில் தொங்கும் சிறிய பித்தளைத் துளி ஆகும். இரண்டாக மடித்த கம்பியொன்றைப் பலகையின் துளை வழியே செலுத்தி, உட்புறத்தில் அதன் இரு முனைகளையும் விரித்து வளைத்து அடித்துவிடுவர். அதன் தலையில் துளி தொங்கும். பார்வைக்கு அது அழகியது. ஆயினும் இரண்டு விரல்களாற் கிள்ளித்தான் அதனை இழுக்க முடியும். பாரமான லாச்சியைப் பன்னாள் இழுத்தால் கம்பி நெகிழ்ந்துவிடும்; துளை அகன்றுவிடும்; ஒருநாள் துளி கையோடு வந்துவிடும். அக்கைபிடிகளே, கண்ணுக்கு இனியது கைக்கும் இனியதாக இராது என்ற பாடத்தைப் புகட்டின.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குறை ஓரளவு நீங்கியது. இரண்டு தண்டுகளுக்கிடையே வில்போல் வளைந்து தொங்கும் பித்தளைப் பிடி வழக்கத்திற்கு வந்தது. அதில் இரண்டு விரல்களுக்குப் பதிலாக மூன்று அல்லது நான்கு விரல்கள் நுழையலாம். இழுக்கும் பாரம் ஒரு துளையில் அன்றி இரண்டு துளைகளிற் பகிரப்படும். பின்னர் மடித்த கம்பிக்குப் பதிலாக, புரி வெட்டிய தண்டும் அதனை உட்புறம் இறுக்கும் சுரையும் வந்தன. நெகிழ்ந்தால் மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம் என்ற வசதி அப்போதே கிட்டியது. தொங்கும் வில் பலகையில் மோதித் தழும்பு உண்டாக்காமலும், விரல் நகம் மெருகைக் கீறாமலும் இருக்கும்படி, அதன் பின்னால் ஒரு பித்தளைத் தகட்டையும் வைத்தனர். இன்று வெறும் அலங்காரமாகத் தோன்றும் அத்தகடு, மரத்தைக் காக்கும் கவசமாகவும் உழைத்தது.

இத்தொழிலுக்கு இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரம் பெயர் பெற்று விளங்கியது. அங்குள்ள பித்தளை வார்ப்பாளர், கைபிடிகளின் படங்களை எண்ணிட்டு நூலாக அச்சிட்டு, கடல் கடந்த வணிகர்க்கும் அனுப்பினர். 1769ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஜோன் பிக்கரிங் என்பவர், உலோகத் தகட்டை அச்சின்மீது வைத்து, மேலிருந்து விழும் சம்மட்டியால் அடித்து உருவம் எழுப்பும் முறைக்கு உரிமை பெற்றார். வார்த்துச் செய்த தடித்த தகட்டின் இடத்தை, அடித்துச் செய்த மெல்லிய தகடு பிடித்துக்கொண்டது. விலை குறைந்தது; நீள்வட்ட வடிவமும் பூவேலையும் பெருகின. நடுத்தரக் குடும்பத்தாரின் அலுமாரியிலும் பித்தளை மின்னத் தொடங்கிற்று.

19ஆம் நூற்றாண்டில் மரக் குமிழின் செல்வாக்கு ஓங்கியது. கடைச்சல் வேலையில் தேர்ந்தவர் ஒருவர் மரத்துண்டொன்றைச் சிறிது நேரத்திற் குமிழாக்கிவிடுவார். அதற்குப் பித்தளையும் வேண்டாம், உலையும் வேண்டாம். அமெரிக்காவிலோ கண்ணாடிக் குமிழ் தோன்றியது. பிற்ஸ்பேர்க் நகரின் ஜோன் பேக்வெல் என்பவர், உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தித் தளபாடக் குமிழ் செய்யும் முறைக்கு 1825ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். பிற்காலத்திற் கிண்ணங்களையும் தட்டுகளையும் பெருந்தொகையில் உண்டாக்கிய அழுத்தக் கண்ணாடித் தொழிலுக்கு, அந்நாட்டில் முதலில் உரிமை வாங்கித் தந்த பொருள்களுள் ஒன்று இச்சிறு லாச்சிக் குமிழே என்பது வியப்புக்குரியது.

அமெரிக்காவில் வாழ்ந்த ஷேக்கர் என்னும் சமயக் குழுவினர், எளிமையை வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள். 1845ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அவர்களின் ஒழுங்கு விதிகள், எவ்வளவினதாயினும் எவ்வகையினதாயினும் பித்தளைக் குமிழும் கைபிடியும் ஆகா என்று விலக்கின. அவர்கள் தம் அலுமாரிகளிற் கடைந்த மரக் குமிழ்களைப் பொருத்தினர். தலை அகன்று, கழுத்து ஒடுங்கி, காளான் போன்ற வடிவம் உடையவை அவை. ஆடம்பரத்தை விலக்கவே அவர்கள் பித்தளையைத் தள்ளினர். ஆனாற் கையின் வசதிக்கு அதனால் இழப்பு ஒன்றும் நேரவில்லை. ஒடுங்கிய கழுத்தின் பின்னால் விரல் நுனிகள் வளைந்து கொளுவிக்கொள்வதால், குமிழை இறுகக் கிள்ள வேண்டிய தேவை குறைகிறது. நல்ல குமிழுக்கு இலக்கணம் இதுவே. கழுத்தில்லாத உருண்டைக் குமிழும், பலகையோடு ஒட்டிய தட்டைக் குமிழும் எண்ணெய்க் கைக்கும் ஈரக் கைக்கும் பிடி கொடா.

எல்லா இடத்திற்கும் ஒரே கைபிடி பொருந்தாது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பணிபுரிந்த ஆங்கிலப் படை அதிகாரிகள், இடத்துக்கு இடம் எடுத்துச் செல்லத்தக்க லாச்சி அலுமாரிகளை வைத்திருந்தனர். அவை மேற்பாதியும் கீழ்ப்பாதியுமாகப் பிரியும், கால்கள் கழலும், மூலைகளிற் பித்தளைக் கட்டு இருக்கும். அவற்றின் கைபிடியோ வெளியே நீட்டி நில்லாமல், பலகையிற் குடைந்த பள்ளத்துள் அடங்கிக் கிடக்கும். வண்டியிலும் கப்பலிலும் ஏற்றும்போது நீட்டி நிற்கும் பிடி முறியும், அல்லது பக்கத்துப் பொருளைக் குத்தும். அலைந்து திரிந்த வாழ்க்கையே அக்கைபிடிக்கு வடிவம் கொடுத்தது. அந்த அலுமாரியைப் போன்று இன்று செய்து, அசையாத படுக்கையறையில் வைப்பவர், பள்ளத்துட் கிடக்கும் வளையத்தை நகத்தாற் கிளப்பும் தொல்லையையும் சேர்த்தே வாங்குகிறார்.

இனி, முன்னர்க் கூறிய இறுகிய லாச்சிக்கு வருவோர், இரண்டு கைபிடிகள் ஏன் வந்தன என்பதை முதலிற் கேட்க வேண்டும். பழைய லாச்சிகளில் நடுவிடம் பூட்டுக்கு உரியது. திறப்புத் துளை நடுவில் இருந்தால், கைபிடிகள் அதன் இருமருங்கிலும் அமைவது இயல்பு. அகன்று பாரமான லாச்சியை இரண்டு கையாலும் இழுப்பதும் எளிது. ஆயினும் இன்று செய்யப்படும் படுக்கையறை லாச்சிகளுட் பலவற்றிற் பூட்டே இல்லை. நடுவிடம் வெறுமையாகக் கிடக்க, கைபிடிகள் மட்டும் பழைய வழக்கப்படி ஓரங்களில் நிற்கின்றன.

ஒரு கையால், ஓரத்திலுள்ள பிடியை மட்டும் இழுத்தால் நிகழ்வது யாது? லாச்சி நேராக வராமற் சற்றே திரும்புகிறது. அதன் எதிரெதிர் மூலைகள் இரண்டும் பக்கச் சட்டங்களை அழுத்துகின்றன. அழுத்தம் கூடக்கூட உராய்வும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் உராய்வு இழுவிசைக்கு ஈடாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு வலிமையாக இழுத்தாலும் பயனில்லை. இழுக்கும் வலிமை கூடும் அளவுக்கு மூலைகளின் அழுத்தமும் கூடும். இந்நிலையிற் பலசாலியின் கையும் மூதாட்டியின் கையும் ஒன்றே.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. லாச்சியின் நடுவிலிருந்து கைபிடி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அத்தூரத்தை இரட்டித்து, உராய்வு எண்ணாற் பெருக்க வேண்டும். சட்டத்துள் எஞ்சி நிற்கும் லாச்சியின் நீளம் அவ்விடையிலும் குறைந்தால் லாச்சி இறுகும். உலர்ந்த மரம் மரத்தோடு உராயும்போது உராய்வு எண்ணை 0.4 எனக் கொள்ளலாம். 36 அங்குல அகலமுள்ள லாச்சியில், ஓரத்திலிருந்து 6 அங்குலம் தள்ளிக் கைபிடி இருப்பின், அது நடுவிலிருந்து 12 அங்குலத் தூரத்தில் நிற்கும். கணக்குப்படி விடை 9.6 அங்குலம். அதாவது, லாச்சியின் நீளத்தில் 9.6 அங்குலத்துக்கு மேல் உள்ளே இருக்கும்வரை அது வரும். அதற்குக் குறைந்ததும் ஒரு கைக்கு அடங்காது. அக்கைபிடியை ஓரத்திலிருந்து 12 அங்குலத்தில், அதாவது அகலத்தின் மூன்றிலொரு பங்கில் அமைத்தால், நடுவிலிருந்து தூரம் 6 அங்குலமாகும்; விடையும் 4.8 அங்குலமாகக் குறையும். நடுவிலேயே ஒரு கைபிடி அமைத்தாலோ, இத்தொல்லை அடியோடு நீங்கும்.

ஆகவே, ஒடுங்கிய லாச்சிக்கு நடுவில் ஒரு பிடி போதும். அகன்ற லாச்சிக்கு இரண்டு பிடிகள் வேண்டுமெனின், அவற்றை ஓரங்களுக்கு ஒதுக்காமல் நடுவை நோக்கி நெருக்க வேண்டும். வீட்டில் ஒரு கையையே பயன்படுத்தக் கூடியவர் இருப்பின், இரண்டு பிடிகளினும் நடுவில் அமைந்த நீண்ட பிடி ஒன்றே நன்று. பாரிசவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், ஊன்றுகோல் ஏந்தியவர், இடுப்பிற் குழந்தையைச் சுமந்த தாய் ஆகிய யாவரும் ஒரு கையரே. உருக்குக் குண்டுகள் மேல் ஓடும் இக்காலத் தண்டவாளங்களில் உராய்வு மிகக் குறைவாதலால், அங்கு இந்த இறுக்கம் பெருமளவு இல்லை. மரச் சட்டத்தில் ஓடும் லாச்சிகளுக்கோ மெழுகுதிரியைத் தேய்த்துவிடுதல் நல்ல பரிகாரம். உராய்வு எண் பாதியானால், கணக்கின் விடையும் பாதியாகும்.

மாரி காலத்து இறுக்கம் வேறு வகையானது. மரம் ஈரத்தை உறிஞ்சி, நார்களின் குறுக்காகப் பருக்கும்; நீளவாட்டில் மிகச் சிறிதே பருக்கும். எனவே லாச்சியின் பக்கப் பலகைகள் உயரத்திற் பருத்துச் சட்டத்தோடு முட்டுகின்றன. ஆழமான லாச்சியில் இது மிகுதி. அப்போது கைபிடியைப் பிடுங்குவதுபோல் இழுத்துத் திருகாணியை நெகிழச் செய்வோர் பலர். மேல் விளிம்பைச் சிறிது சீவிவிடுவதே தக்க வழி. அதையும் மழை முற்றாக ஓய்ந்து மரம் உலர்ந்தபின் அளவு பார்த்துச் செய்ய வேண்டும். ஈரத்திற் சீவினால், கோடையில் லாச்சி ஆடத் தொடங்கும்.

அடுத்துக் கையின் அளவைக் கவனித்தல் வேண்டும். வளர்ந்த ஆடவர் ஒருவரின் நான்கு விரல்களையும் சேர்த்து அளந்தால், அகலம் ஏறத்தாழ 3½ அங்குலம், அதாவது 9 சென்ரிமீற்றர் வரை இருக்கும். அவ்விரல்கள் நெருக்கமின்றி நுழையப் பிடியின் உள்ளளவு 4 அங்குலமாவது வேண்டும். பிடிக்கும் பலகைக்கும் இடையே 1¼ அங்குலம் முதல் 1½ அங்குலம் வரை இடைவெளி இருந்தால், விரற் கணுக்கள் பலகையிற் தேயா. கடைகளில் 3 அங்குலத் துளை அளவில் விற்கப்படும் பிடிகள் மூன்று விரல்களுக்கே இடம் தருவன. ஐரோப்பிய முறையிற் செய்யப்படும் பிடிகளின் துளை அளவு 32 மில்லிமீற்றரின் மடங்காக, 64, 96, 128 என அமைவது வழக்கம். 96 நான்கு விரல்களுக்குச் சற்று நெருக்கம், 128 தாராளம். புதிய பிடி வாங்கச் செல்பவர் பழைய துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து குறித்துக்கொண்டு செல்வது நலம். அவ்வாறு செய்யாதார், முகப்புப் பலகையிற் புதுத் துளையும் பழைய துளையும் அருகருகே விழித்துக்கொண்டிருக்கக் காண்பர்.

குமிழைக் கிள்ள வேண்டும். நீள்பிடியைக் கொளுவினாற் போதும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கிள்ளும்போது பெருவிரலும் ஓரிரு விரல்களும் எதிரெதிராக அழுத்த, மூட்டுகளே சுமையைத் தாங்குகின்றன. கொளுவும்போதோ நான்கு விரல்களும் வளைந்த கொக்கியாகி நிற்க, இழுக்கும் வேலையைக் கையும் தோளும் ஏற்கின்றன. மூட்டுவாதம் உடையவர்க்கு முன்னது வேதனை, பின்னது எளிது. சிப்பி போற் கவிழ்ந்த பித்தளைப் பிடியில் விரல்களைக் கீழிருந்து மேலாகவே செலுத்த முடியும். இடுப்பளவில் உள்ள லாச்சிக்கு அது பொருந்தும். முழங்காலுக்குக் கீழுள்ள லாச்சியிற் பொருத்தினால், குனிந்தவர் மணிக்கட்டைத் திருப்பி மல்லுக்கட்ட வேண்டும். அடி லாச்சிக்கு, மேலிருந்தும் கொளுவத்தக்க நீள்பிடியே ஏற்றது. அதனையும் முகப்பின் நடுவுக்குச் சற்று மேலே பொருத்தினாற் குனியும் அளவு குறையும்.

பிடியின் முனைகளையும் மறத்தலாகாது. இரு முனைகளும் தண்டுகளுக்கு அப்பால் நீட்டி நிற்கும் கோற்பிடிகள் சேலைத் தலைப்பையும் சட்டைப் பையையும் கொளுவிக்கொள்ளும். முனைகள் வளைந்து பலகையிலேயே சென்று முடியும் பிடிகளில் அவ்விடர் இல்லை. ஒடுங்கிய அறையில், நடந்து செல்பவரின் தொடையிலும், தவழ்ந்து எழும் குழந்தையின் நெற்றியிலும் பிடி மோதாதபடி விளிம்புகள் உருண்டிருத்தல் அவசியம். நிறமும் சிந்திக்கத்தக்கது. பலகைக்குப் பூசிய அதே வண்ணத்தைப் பிடிக்கும் பூசினால், பார்வை மங்கியவர் தடவித்தான் அதனைக் காண வேண்டும். கருமரத்திற் பித்தளையும், வெண்பலகையிற் கரிய இரும்பும் தூரத்திலிருந்தே கையை அழைக்கும்.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். மரத்துள் இறங்கும் திருகாணியைவிட, பலகையை ஊடுருவி உட்புறத்திலிருந்து இறுக்கப்படும் புரியாணி நெடுநாள் நிற்கும். பலகையின் தடிப்பு முக்கால் அங்குலமாயின், ஆணி ஏறத்தாழ ஓர் அங்குலம் வேண்டும். நீளம் மிஞ்சினாற் பிடி பலகையோடு ஒட்டாது ஆடும். குறைந்தால் இரண்டொரு புரிகளே பற்றிக் கழன்றுவிடும். உட்புறத்தில் ஆணித் தலையின் கீழ் ஒரு வளையத் தகட்டை வைத்தால், தலை மரத்துட் புதையாது. துளையிடும்போது மறுபுறம் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்தாற் பலகை சிலும்பாது. எல்லா லாச்சிகளுக்கும் ஒரே அளவு அமைய, தடித்த அட்டையிற் துளைகளை முதலில் வெட்டி வைத்துக்கொண்டு, அதனையே அச்சாகப் பயன்படுத்தலாம். நெகிழ்ந்த திருகாணித் துளைக்குள் பசை தோய்ந்த நெருப்புக்குச்சித் துண்டுகளை இறுக்கி, காய்ந்தபின் ஆணியை ஏற்றுவது எந்த வீட்டிலும் செய்யத்தக்க பரிகாரம்.

ஒரு கைபிடி நல்லதா என்பதை அளக்கத் தெளிவான நியமம் ஒன்றும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில், உடற்குறையுடையோர் நலன் கருதி 1990ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த நியமங்கள், பொது இடங்களிற் கையால் இயக்கும் உறுப்புகள் ஒரு கைக்கு அடங்க வேண்டும், இறுகப் பற்றவோ கிள்ளவோ மணிக்கட்டைத் திருப்பவோ வேண்டாதிருக்க வேண்டும், 5 றாத்தலுக்கு மேல் விசை வேண்டாதிருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. வீட்டு அலுமாரியை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் உட்கருத்தை வீட்டிலும் சோதிக்கலாம். கையை முட்டியாக மூடிக்கொண்டு, அம்முட்டியாலேயே லாச்சியைத் திறக்க முயல வேண்டும். திறக்க முடியுமாயின், அக்கைபிடி எக்கைக்கும் இணங்கும். சிறு குமிழ்கள் இச்சோதனையில் தோற்கும். தாராளமான நீள்பிடிகள் வெல்லும்.

முதியவரின் கையைக் கருதும் வீட்டார், குழந்தையின் காலையும் கருத வேண்டும். எளிதிற் திறக்கும் லாச்சி குழந்தைக்கும் எளிதிற் திறக்கும். கீழிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கப்பட்ட லாச்சிகள் குழந்தையின் கண்ணுக்குப் படிக்கட்டாகின்றன. பிடிகள் கைப்பற்றாகவும் கால்வைப்பாகவும் உதவுகின்றன. எல்லா லாச்சிகளும் வெளியே நிற்க, முன்பாரம் மிகுந்து, அலுமாரி குழந்தையின்மேற் சாய்ந்துவிடுகிறது. இவ்வாறு பல குழந்தைகள் உயிரிழந்ததன் விளைவாக, ஐக்கிய அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கெனச் சட்டம் நிறைவேறியது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம், 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான உடை அலுமாரிகள், 60 றாத்தல் வரை எடையுள்ள பிள்ளை ஏறினாலும் சாயாதவாறு சோதிக்கப்பட வேண்டும் என்ற நியமம் அங்கு நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இல்லாத இடத்திலும் செயல் கூடும். அலுமாரியின் முதுகை உறுதியான இரும்புக் கோணத்தாலோ பட்டியாலோ சுவரோடு பிணைத்துவிட வேண்டும். பாரமான பொருள்களை அடி லாச்சியில் வைக்க வேண்டும். விளையாட்டுப் பொருளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் அலுமாரியின்மேல் வைத்துக் குழந்தையை ஏறும்படி அழைக்கலாகாது. குழந்தைக்கு அஞ்சிக் கைபிடிகளையே கழற்றி வைப்பது முதியவரைத் தண்டிப்பதாகும். சுவரிற் பூட்டிய ஒரு திருகாணி இருவர்க்கும் துணை செய்யும்.

மூன்று நூற்றாண்டுகளாகக் கைபிடி, துளியாய்த் தொங்கி, வில்லாய் வளைந்து, பூத்தகடு அணிந்து, மரமாயும் கண்ணாடியாயும் மாறி வந்துள்ளது. அம்மாற்றங்களுட் சில கைக்காக நிகழ்ந்தவை; பல கண்ணுக்காக நிகழ்ந்தவை. வாங்குபவர் கடையில் நின்று நோக்கும் நேரம் சில நிமிடங்களே. அவர் வீட்டிலுள்ள கைகள் அதனைப் பற்றி இழுக்கும் காலமோ பல ஆண்டுகள். எனவே கைபிடியைத் தெரிவு செய்யும் உரிமை, வீட்டில் நல்ல பார்வையும் உறுதியான விரலும் உடையவர்க்கு மட்டும் உரியதாதல் முறையன்று. கடைக்குச் செல்லுமுன், அந்த வீட்டில் மிகவும் தளர்ந்த கை யாருடையதோ அவரை அழைத்து, பழைய லாச்சியை ஒருமுறை இழுக்கச் செய்து பார்க்க வேண்டும். எங்கே விரல் வழுக்குகிறது, எங்கே மணிக்கட்டு நோகிறது, எவ்விடத்தில் லாச்சி கோணுகிறது என்பதை அக்கை காட்டிவிடும்.

அந்த மூதாட்டியின் லாச்சிக்கு வேண்டியது புதிய அலுமாரியன்று. சட்டத்தில் தேய்க்கச் சிறிது மெழுகும், நடுவிற் பொருத்த நான்கு விரல்களும் தாராளமாக நுழையும் ஒரு நீள்பிடியும், இரண்டு புரியாணிகளும், ஒரு பிற்பகல் நேரமுமே வேண்டியவை. மறுநாட் காலையில், ஊன்றுகோலை விடாமலே அவர் தம் சேலையைத் தாமே எடுத்துக்கொள்வார்.